தொண்டைக்குள் ஒரு நிகழ்தகவுக் கணக்கு

ஐப்பசி, கார்த்திகை மழை உங்களுக்குப் பள்ளி விடுமுறையைக் கொண்டு வந்து தரும். சில வீடுகளுக்கு அதனுடன் தொண்டை வலியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகும். சென்ற ஆண்டு நவம்பரில் எங்கள் வீட்டுக்கு இரண்டும் வந்தன.

நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். கிழக்குத் தாம்பரத்தில், சேலையூரை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருக்கிறேன். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒரு திங்கட்கிழமை காலை, "அப்பா, எச்சில் விழுங்கினா வலிக்குது" என்றாள். அன்றைக்கே அடுத்த வீட்டுப் பையனுக்கும் தொண்டை வலி. அவனும் ஏழாம் வகுப்புதான். மாலையில் அவன் தாயாரும் நானும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, கணுக்கால் அளவு தண்ணீரில் நடந்து, பக்கத்துத் தெருவிலுள்ள டாக்டரம்மாவிடம் போனோம்.

டாக்டர் முதலில் என் மகளின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். தாடைக்குக் கீழே கழுத்தை இரு பக்கமும் விரல்களால் தடவிப் பார்த்தார். இருமல் உண்டா, மூக்கு ஒழுகுகிறதா என்று கேட்டார். இரண்டும் இருந்தன. "வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கட்டும். வலி அதிகமானால் பாரசிட்டமால். வேறொன்றும் வேண்டாம்" என்று முடித்துவிட்டார்.

பையனுக்கும் அதே டார்ச், அதே விரல்கள், அதே கேள்விகள். ஆனால் அவனை மட்டும் உட்கார வைத்து, நீண்ட பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து உள்நாக்கின் இரு பக்கமும் அழுத்தித் தேய்த்து எடுத்தார். பையன் குமட்டினான், கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஒரே தெரு, ஒரே நாள், ஒரே வலி. ஒருத்திக்கு உப்புத் தண்ணீர், ஒருவனுக்குச் சோதனை! எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "என் பெண்ணுக்கும் அந்தச் சோதனையைச் செய்துவிடலாமே டாக்டர்?" என்றேன். அவர் சிரித்தார். "சார், நீங்கள் கணக்குத் தெரிந்தவர். செய்தால் குழப்பம்தான் மிஞ்சும்" என்றார். வெளியே பதினைந்து பேர் காத்திருந்ததால் அதற்குமேல் பேச நேரமில்லை. அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது. புரிந்ததைத்தான் இங்கே உங்களிடம் சொல்லப் போகிறேன்.

சங்கிலிக் கிருமி

தொண்டை வலி என்பது ஒரு நோயின் பெயரன்று. அது ஓர் அறிகுறி. பல நோய்கள் ஒரே கதவைத் தட்டுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டுவது பெரும்பாலும் வைரஸ்களே. சளிக்கும் ஃபுளு காய்ச்சலுக்கும் காரணமான வைரஸ்கள் தொண்டையையும் புண்ணாக்குகின்றன. இவை நான்கைந்து நாட்களில் தாமாகவே அடங்கிவிடும். பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்துகள் இவற்றை ஒன்றும் செய்யா.

ஆனால் கதவைத் தட்டுகிறவர்களில் ஒருவன் வேறு மாதிரியானவன். அவன் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். 1874 இல் தியோடர் பில்ராத் என்ற வியன்னா நகரத்து அறுவை மருத்துவர், நுண்ணோக்கியில் மணிமாலை போல் வரிசையாகத் தெரிந்த உருண்டை பாக்டீரியாக்களுக்கு இப்பெயரைச் சூட்டினார். கிரேக்க மொழியில் 'ஸ்ட்ரெப்டோஸ்' என்றால் முறுக்கிய சங்கிலி. 'கோக்கஸ்' என்றால் சிறு கனி.

இந்தச் சங்கிலிக் கிருமிகளில் பல வகைகள் உண்டு. அவற்றைப் பிரித்துக் காட்டியவர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்த ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு என்ற பெண்மணி. அவர் கிருமிகளை அமிலத்தில் சூடாக்கி, அவற்றின் சுவரிலுள்ள சர்க்கரைப் பொருளைப் பிரித்தெடுத்தார். அந்தச் சர்க்கரையின் வேறுபாட்டைக் கொண்டு ஏ, பி, சி என்று பிரிவுகள் வகுத்தார். இது 1933 இல் வெளியாயிற்று. தொண்டைக்கு வரும் முக்கியமான எதிரி 'ஏ' பிரிவைச் சேர்ந்தது. ஐந்து முதல் பதினைந்து வயது வரை உள்ளவர்களையே இது அதிகம் பிடிக்கிறது. அதாவது உங்களை!

தொண்டை வலியோடு மருத்துவரிடம் வரும் குழந்தைகள் நூறு பேரில் சுமார் 20 முதல் 30 பேருக்கு இக்கிருமி காரணமாக இருக்கலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் இந்த எண் மாறும்.

இதிலொரு விந்தை உண்டு. இந்த ஸ்ட்ரெப் தொண்டைப் புண்ணும் மருந்தே இல்லாமல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே ஆறிவிடும்! பிறகு ஏன் இத்தனை கவலை? பதில் தொண்டையில் இல்லை. ஒரு சாண் கீழே இருக்கிறது.

இரண்டு ரூபாய் நாணயமும் சட்டைப் பொத்தானும்

என் அத்தை செங்கற்பட்டுக்கு அருகே ஒரு கிராமத்தில் வளர்ந்தவர். பத்து வயதில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு நாள் முழங்கால் வீங்கி வலித்தது, இரண்டு நாள் கழித்து அது சரியாகி, கணுக்கால் வீங்கியது, பிறகு மணிக்கட்டு. வலி இப்படி மூட்டுக்கு மூட்டு தாவிக்கொண்டிருந்தது. "வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று பெரியவர்கள் தைலம் தேய்த்தார்கள். வலி போய்விட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் அவருக்குத் தொண்டை வலித்ததா என்று யாருக்கும் நினைவில்லை. யார்தான் அதை நினைவில் வைத்திருப்பார்கள்?

இருபத்து மூன்று வயதில், முதல் குழந்தையைச் சுமந்திருந்தபோது, கிணற்றடியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் அத்தைக்கு மூச்சு வாங்கியது. இரவில் படுக்க முடியவில்லை. சென்னையில் மருத்துவர்கள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டதுமே, இதய வால்வு சுருங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸின் மேற்பரப்பில் 'எம் புரதம்' என்ற ஒரு பொருள் உண்டு. அதன் அமைப்பு நம் இதயத்திலுள்ள சில புரதங்களை ஓரளவு ஒத்திருக்கிறது. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள், ஆள்மாறாட்டம் போல, சிலருக்கு மட்டும் சொந்த இதயத்தையே தாக்கிவிடுகின்றன. தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, எல்லோரும் மறந்துவிட்ட நேரத்தில், காய்ச்சலும் தாவும் மூட்டு வலியும் வரும். இதற்கு ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். மூட்டுகள் தழும்பின்றி ஆறிவிடும். இதய வால்வுகள் அப்படி ஆறா. அவை தடித்து, ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, ஆண்டுக் கணக்கில் மெல்லச் சுருங்கும்.

நம் நாட்டில் இந்தச் சுருக்கம் மிக விரைவாக, இருபது வயதுக்குள்ளேயே முற்றிவிடுவதை டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சுஜாய் ராயும் அவருடைய குழுவினரும் 1963 இல் 'லான்செட்' இதழில் எழுதி உலகின் கவனத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். இதயத்தின் இடப்பக்க மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே உள்ளது ஈரிதழ் வால்வு. நல்ல வால்வு முழுதாகத் திறந்தால் அதன் வாயின் பரப்பு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர். உங்கள் பையில் 2011 இல் வெளியான வரிசையைச் சேர்ந்த இரண்டு ரூபாய் நாணயம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதன் விட்டம் 2.5 சென்டிமீட்டர், பரப்பைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 4.9 வரும். அதுதான் நல்ல வால்வின் வாய். இப்போது உங்கள் சட்டைப் பொத்தானைப் பாருங்கள். அத்தையின் வால்வு ஏறத்தாழ அந்த அளவுக்குச் சுருங்கியிருந்தது.

பரப்பு நான்கில் ஒரு பங்காகிவிட்டது. ஆனால் உடலுக்கு வேண்டிய இரத்தம் குறையவில்லை. ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் அந்த வழியே போயாக வேண்டும். ஆகவே இரத்தம் நான்கு மடங்கு வேகத்தில் பாய வேண்டும். வேகத்தை அப்படி உயர்த்தத் தேவையான அழுத்த வேறுபாடோ, பெர்னௌலியின் விதிப்படி, வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நான்கின் இருமடி பதினாறு! அந்த அழுத்தம் முழுவதும் பின்னோக்கி நுரையீரல்மேல் விழுகிறது. கர்ப்ப காலத்தில் உடலின் இரத்த ஓட்டம் இன்னும் கூடுகிறது. அதோடு இதயம் வேகமாகத் துடிக்கும்போது வால்வு திறந்திருக்கும் நேரமும் குறைகிறது. இத்தனை ஆண்டுகள் மறைந்திருந்த நோய் அத்தைக்கு அப்போது வெளிப்பட்டதன் காரணம் இதுவே. பிறகு ஒரு மெல்லிய குழாயை இரத்தக்குழாய் வழியே செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை வால்வுக்குள் ஊதி அதை விரித்தார்கள். கான்ஜி இனோவே என்ற ஜப்பானிய அறுவை நிபுணர் 1980 களில் உருவாக்கிய முறை அது. அத்தை இன்றும் இருக்கிறார், மாடிப்படி ஏறுவதில்லை.

ஒன்பது நாள் அவகாசம்

இந்த வழியை ஆரம்பத்திலேயே அடைத்துவிட முடியுமா? முடியும் என்பது 1950 இல் தெரியவந்தது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒரு படைமுகாமில், கூட்டம் கூட்டமாகத் தங்கியிருந்த இளம் வீரர்களிடையே ஸ்ட்ரெப் தொண்டைப் புண் ஓயாமல் பரவிக்கொண்டிருந்தது. ஃபிளாய்ட் டென்னி, லூயிஸ் வானமேக்கர் ஆகிய மருத்துவர்களும் அவர்களுடைய குழுவினரும் நோயுற்றவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 800 பேர். மருந்து பெறாதவர்களில் 17 பேருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. பெற்றவர்களில் 2 பேருக்குத்தான் வந்தது. (தெரிந்தே ஒரு பிரிவுக்கு மருந்து கொடுக்காமல் விடும் இப்படியொரு சோதனையை இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள்.) தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் பெனிசிலினைத் தொடங்கினாலும் இதயத்தைக் காத்துவிடலாம் என்பதும் பின்னர் உறுதியாயிற்று. இந்த ஒன்பது என்ற எண்ணை நினைவில் வையுங்கள்.

"அப்படியானால் தொண்டை வலி என்று வரும் எல்லோருக்கும் பெனிசிலின் கொடுத்துவிட்டால் போயிற்று!" என்று உங்களில் ஒருவர் சொல்வது காதில் விழுகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே ஏதோ ஓர் ஆன்டிபயாடிக்கை மூன்று நாளுக்கு வாங்கி, இரண்டு நாள் விழுங்கிவிட்டு, மீதியை மேசை இழுப்பறையில் போட்டு வைத்த குற்றம் எனக்கும் உண்டு. வைரஸ் வலிக்கு அம்மருந்து வீண். வீண் மட்டுமன்று, சிலருக்கு வயிற்றுப்போக்கும் ஒவ்வாமையும் வரும். குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் மடியும். தாங்கிப் பிழைத்த கிருமிகள் பெருகும். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸை வெல்ல இன்றும் பெனிசிலின் போதும் என்பது நம் நல்லூழ். ஆனால் மக்கள் தாமாக வாங்கி விழுங்கும் அசித்ரோமைசின் போன்ற வேறு சில மருந்துகளுக்கு அதே கிருமி பல இடங்களில் பணிய மறுக்கிறது.

ஆகவே யாருக்குக் கொடுப்பது, யாருக்கு விடுவது என்று கண்டறிந்தாக வேண்டும். மருத்துவரின் வேலை கடினமாவது இங்கேதான்.

விரல் விட்டு எண்ணும் மதிப்பெண்

1981 இல் ராபர்ட் சென்டர் என்ற அமெரிக்க மருத்துவர் நான்கு அடையாளங்களை எடுத்துக்கொண்டார். காய்ச்சல் உண்டா? டான்சில்மேல் வெள்ளைச் சீழ்ப்படலம் உண்டா? கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டி, தொட்டால் வலிக்கிறதா? இருமல் இல்லாமல் இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கடைசிக் கேள்வியைக் கவனித்தீர்களா? இருமல் இருப்பதற்கு அன்று, இல்லாமலிருப்பதற்கு மதிப்பெண். இருமலும் மூக்கொழுக்கலும் குரல் கம்மலும் வைரஸின் கைவரிசை. 1998 இல் கனடாவின் டொராண்டோவில் வாரன் மக்ஐசக் என்பவர் இதோடு வயதையும் சேர்த்தார்: மூன்று முதல் பதினான்கு வயது வரை என்றால் ஒன்று கூட்டு, 45 வயதைத் தாண்டினால் ஒன்று கழி.

டார்ச்சும் விரலும் நான்கு கேள்வியும் போதும். ஆய்வகம் வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டே நிமிடத்தில் போட்டுவிடலாம். எங்கள் டாக்டர் தடவிப் பார்த்ததும் கேட்டதும் இந்தக் கணக்குத்தான். என் மகளுக்குக் காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, நெறி இல்லை, இருமல் இருந்தது. வயதுக்காக ஒரே ஒரு மதிப்பெண். பையனுக்கு 102 டிகிரி காய்ச்சல், இரு டான்சிலிலும் வெள்ளைப் படலம், தாடைக்குக் கீழே கோலிக்குண்டு போல நெறி, இருமலே இல்லை. ஐந்துக்கு ஐந்து!

இனிதான் வியப்பு. ஒரு மதிப்பெண் பெற்றவருக்கு ஸ்ட்ரெப் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 5 முதல் 10 வரை. நான்கோ அதற்கு மேலோ பெற்றவருக்கு? தொண்ணூறு என்று நினைப்பீர்கள். நூற்றுக்குச் சுமார் 50 தான்! அத்தனை அடையாளமும் கூடி வந்தாலும், நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். தேர்ந்த மருத்துவரின் கண்ணும் தொண்டையை மட்டும் பார்த்து இதற்குமேல் சொல்ல முடியாது. மதிப்பெண் நோயைக் கண்டுபிடித்துத் தருவதில்லை. யாரைச் சோதிக்க வேண்டும், யாரைச் சோதிக்க வேண்டாம் என்று பிரித்துத் தருகிறது, அவ்வளவே.

(வாயைத் திறந்ததும் மருத்துவர் முதலில் தேடுவது வேறொன்றை. சாம்பல் நிறத்தில் தோல் போல் ஒட்டிய படலம் இருந்தால் அது தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியாவாக இருக்கலாம். அங்கே மதிப்பெண்ணுக்கெல்லாம் நேரமில்லை. உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்களுக்குப் பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போடும் 'டி.டி.' ஊசி அதற்கும் சேர்த்துத்தான்.)

தங்கத்தால் ஆன கோடு

பையனின் தொண்டையில் தேய்த்த பஞ்சுக் குச்சியை டாக்டர் ஒரு சிறு குழாயில் இட்டு, இரண்டு திரவங்களைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினார். ஒன்று சோடியம் நைட்ரைட், மற்றது அசிட்டிக் அமிலம். இரண்டும் சேர்ந்து நைட்ரஸ் அமிலமாகி, கிருமியின் சுவரிலிருந்து அந்தச் சர்க்கரையை உரித்தெடுக்கின்றன. லான்ஸ்ஃபீல்டு அம்மையார் செய்ததன் சுருக்கமான வடிவம்தான்! அதில் ஒரு பட்டையை நனைத்தார். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு வீட்டிலேயே சோதித்தீர்களே, அதே மாதிரிப் பட்டை.

திரவம் நுண்புழைக் கவர்ச்சியால் பட்டையில் ஏறும். ஏறும் வழியில் நுண்ணிய தங்கத் துகள்கள் காத்திருக்கும். அவற்றின்மேல் 'ஏ' சர்க்கரையைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கும். சர்க்கரை இருந்தால் தங்கம் அதனோடு சேர்ந்துகொண்டு, மேலே உள்ள கோட்டில் மாட்டி நிற்கும். கோடு சிவப்பாகத் தெரியும். தங்கம் ஏன் சிவப்பு என்கிறீர்களா? மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துகள் சிறுத்துவிட்டால் தங்கம் மஞ்சளாக இருப்பதில்லை. அதன் எலக்ட்ரான்கள் பச்சை ஒளியோடு ஒத்திசைந்து அதை விழுங்கிவிடுகின்றன, மிஞ்சுவது சிவப்பு. இந்தத் தங்கக் கரைசலின் சிவப்பை ஆராய்ந்து 1857 இல் இலண்டனில் சொற்பொழிவாற்றியவர் யார் தெரியுமா? மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த அதே மைக்கேல் ஃபாரடே.

பத்து நிமிடம் காத்திருந்தோம். அந்தக் கோடு வரவில்லை. பட்டை சரியாக வேலை செய்ததைக் காட்டும் ஒற்றைக் கோடு மட்டும் நின்றது. "இல்லை" என்பது விடை.

பையனின் தாயார் பெருமூச்சு விட்டார். டாக்டரோ இன்னொரு பஞ்சுக் குச்சியை எடுத்தார். "இதை லேபுக்கு அனுப்பி கல்ச்சர் பார்த்துடலாம்மா. புதன்கிழமை தெரிஞ்சிடும்." "அதான் இல்லேன்னு வந்துடுச்சே டாக்டரம்மா?" "வந்துச்சு. ஆனா இவன் விஷயத்தில எனக்கு அது போதாது."

இப்போது காகிதமும் பென்சிலும் எடுங்கள். இந்தப் பட்டை, ஸ்ட்ரெப் உள்ள நூறு பேரில் சுமார் 85 பேரைக் கண்டுபிடிக்கும். 15 பேரை விட்டுவிடும். ஸ்ட்ரெப் இல்லாத நூறு பேரில் 95 பேரைச் சரியாக 'இல்லை' என்னும். 5 பேரைத் தவறாக 'உண்டு' என்னும்.

பையனைப் போன்ற 1000 பிள்ளைகளை எண்ணிக்கொள்ளுங்கள். 500 பேருக்கு நோய் உண்டு. பட்டை 425 பேரைப் பிடிக்கிறது. 75 பேரைத் தவறவிடுகிறது. நோயில்லாத மற்ற 500 பேரில் 475 பேருக்கு 'இல்லை' வருகிறது. ஆக 'இல்லை' என்று விடை பெற்றவர்கள் 550 பேர்; அவர்களில் 75 பேருக்கு நோய் உண்டு. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு! அத்தையின் வால்வை நினைத்தால் ஏழில் ஒன்று பெரிய எண்.

இனி என் மகளைப் போன்ற 1000 பேர். நூற்றுக்கு 6 என்று வைத்துக்கொண்டால் 60 பேருக்கு நோய். பட்டை அவர்களில் 51 பேரைப் பிடிக்கும். ஆனால் நோயில்லாத 940 பேரில் 47 பேருக்கும் சிவப்புக் கோடு வரும். அதாவது 'உண்டு' என்ற விடை பெற்ற 98 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்தக் கோடு பொய்! அவர்கள் எல்லோரும் பத்து நாள் மருந்து விழுங்குவார்கள். டாக்டர் சொன்ன குழப்பம் இதுதான்.

ஒரே பட்டை, ஒரே துல்லியம். ஆனால் விடையின் பொருள், சோதிக்கும் முன்பே நமக்குத் தெரிந்திருந்ததைப் பொறுத்து மாறுகிறது. தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் இறந்த பின் 1763 இல் வெளியான கட்டுரையில் இருந்த கருத்து இதுவே. நான் பல ஆண்டுகளாகக் கல்லூரியில் அளவீட்டுப் பிழைகளைப் பற்றி வகுப்பெடுக்கிறேன். ஆனால் பக்கத்துத் தெரு டாக்டர் இதை ஒவ்வொரு மாலையும் மனத்துக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சுழிப்பிழை

புதன்கிழமை மாலை ஆய்வகத்திலிருந்து செய்தி வந்தது. இரத்தம் கலந்த அகார்த் தட்டில் பூசி, 37 டிகிரியில் வைத்திருந்த பையனின் கிருமிகள் வளர்ந்துவிட்டன. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி இரத்த அணுக்கள் கரைந்து, தட்டு கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். வலி தொடங்கி மூன்றாம் நாள்தான் ஆகியிருந்தது. ஒன்பதில் இன்னும் ஆறு மீதி. இரண்டு நாள் காத்திருந்ததால் நட்டம் ஒன்றுமில்லை.

பட்டை தோற்று, வளர்ப்புச் சோதனை வென்றது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கும் ஒரு குறை உண்டு. திருகு அளவியில் தாடைகளை மூடினாலும் சில கருவிகள் பூஜ்யத்தைக் காட்டாதல்லவா? அதைச் சுழிப்பிழை என்போம். தொண்டைக்கும் சுழிப்பிழை உண்டு! நோயே இல்லாத சில பிள்ளைகளின் தொண்டையிலும் இக்கிருமி சும்மா குடியிருக்கும். தரமணியிலுள்ள சென்னைப் பல்கலைக்கழக அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தின் நுண்ணுயிரியலாளர்கள், சென்னைப் பள்ளிப் பிள்ளைகளின் தொண்டையில் இப்படிக் குடியிருக்கும் ஏ பிரிவுக் கிருமியை ஆராய்ந்து 2006 இல் கட்டுரை வெளியிட்டார்கள். அத்தகைய பிள்ளைக்கு வைரஸால் தொண்டை வலித்தாலும் தட்டில் ஸ்ட்ரெப் வளரும். சளியும் இருமலும் உள்ளவரைச் சோதிக்காமல் விடுவதற்கு இது இன்னொரு காரணம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மேலே நான் போட்ட கணக்கில் உள்ள மதிப்பெண்கள் வட அமெரிக்காவில் பிறந்தவை. அவை தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் பெருங்களத்தூருக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் நம்பவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2018 இல் வெளியிட்ட ஆய்வில் 'ஏ' மட்டுமன்றி 'சி', 'ஜி' பிரிவுக் கிருமிகளும் பேசப்படுகின்றன. தட்டில் அவையும் இரத்தத்தைக் கரைத்துத் தெளிவாக்கும். பட்டையோ 'ஏ' பிரிவை மட்டுமே அறியும். நம் ஊர்க் குழந்தைகளுக்கு, நம் ஊர் மழைக் காலத்துக்கு உரிய எண்களை நாம்தான் அளக்க வேண்டும். உங்களில் யாராவது மருத்துவமோ புள்ளியியலோ படிக்கப் போகிறீர்களானால், சென்னையின் தென் புறநகரிலேயே இந்த வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது.

அதுவரை, தொண்டை வலியென்று மருத்துவரிடம் போகும்போது நான்கு செய்திகளை நீங்களாகவே சொல்லுங்கள்: வலி என்று தொடங்கியது, காய்ச்சல் எவ்வளவு, இருமலோ மூக்கொழுக்கலோ உண்டா, வீட்டில் வேறு யாருக்கு வலி. மூட்டு விட்டு மூட்டு தாவும் வலி வந்தால், சென்ற மாதத் தொண்டை வலியையும் மறக்காமல் சொல்லுங்கள்.

பையனுக்குப் பத்து நாள் மாத்திரை. வெள்ளிக்கிழமையே காய்ச்சல் விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மட்டையோடு தெருவில் நின்றான். "எனக்குத்தான் சரியாயிடுச்சே, அங்கிள், இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று என்னிடம் முறையிட்டான். நான் என் சட்டைப் பையிலிருந்து ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தை எடுத்து அவன் கையில் வைத்து, அவன் சட்டைப் பொத்தானையும் தொட்டுக் காட்டி, அத்தையின் கதையைச் சொல்லத் தொடங்கினேன்.